தலைக்கனம் இல்லாத குழல்

கிடார் வாங்க வருகிறவர் நிறத்தைப் பார்ப்பார். கீபோர்டு வாங்க வருகிறவர் பட்டன்களைப் பார்ப்பார். புல்லாங்குழல் வாங்க வருகிறவர் மட்டும் உங்கள் முகத்தைப் பார்ப்பார். ஊதினால் முதலில் வருவது வெறும் காற்று. தப்பு குழலிலா, தன் வாயிலா என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் பயம் தெரிந்தால் அவர் தவறான குழலை வாங்கிக்கொண்டு போவார்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. திண்டுக்கல்லில் அந்தக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. விலை, கம்பெனி, உதிரிபாகம் எல்லாம் நீங்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். நான் ஒரே ஒரு குழலைப் பற்றிச் சொல்கிறேன். அது என் மகள் பவித்ராவிடம் போய்ச் சேர்ந்த குழல்.

அது மரத்தில் கடைந்த ஐரிஷ் புல்லாங்குழல். நம் மூங்கில் குழல் மாதிரி ஒரே துண்டாக இருக்காது. தலை, நடு, அடி என்று மூன்று துண்டுகளைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தலைத் துண்டுக்குள் ஒரு பித்தளைக் குழாய் இருக்கும், அதற்கு ஸ்லைடு என்று பெயர். இழுத்தால் சுருதி இறங்கும், தள்ளினால் ஏறும். இன்னொன்றில் அந்தக் குழாய் கிடையாது. மரத்துக்குள் மரம் நுழையும். நடுவே காற்று கசியாமல் பருத்தி நூல் சுற்றியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்லைடு இல்லாத ஒன்று நம் கடைக்கு எப்படி வந்தது என்பது முதலில்.

பழனிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, மரக் குழல் வேண்டும், ரெண்டு கட்டை சுருதியில் வேண்டும் என்று கேட்டார். ஆர்டர் எடுத்தது முதலாளியே. ரெண்டு கட்டை என்றால் வெள்ளைக்காரர் கணக்கில் டி. முதலாளி வெளிநாட்டு விலைப்பட்டியலைப் பார்த்தார், டி என்று போட்டிருந்த ஐரிஷ் குழலை வரவழைத்தார். பெரியவர் நேரில் வந்து, செத்த நேரம் ஊதிப் பார்த்துவிட்டுக் குழலை மெதுவாகத் துணிமேல் வைத்தார்.

"ஏனுங்க, நான் கேட்டது ரெண்டு கட்டைங்க. இது ஆறு கட்டையில நிக்குதுங்க."

"பெட்டியில 'டி'ன்னுதான் போட்டிருக்கு, பாருங்க," என்றார் முதலாளி.

"பெட்டியை ஊத முடியாதுங்களே."

பக்கத்தில் ஹார்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டிக்கொண்டிருந்த சேவியர் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். கடையில் ரிப்பேர் பார்ப்பவர் அவர், உங்களுக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். நம்மவர்கள் 'ஸ' எங்கே நிற்கிறதோ அதை வைத்துக் குழலுக்குப் பெயர் சொல்கிறோம். அவர்கள் ஆறு துளைகளையும் மூடினால் எந்தச் சுரம் வருகிறதோ அதை வைத்துச் சொல்கிறார்கள். அவர்களுக்கு டி, நமக்கு ஆறு கட்டை; ஒரே குழலுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர். பெரியவர் கோபப்படவில்லை. "குழல் மேல தப்பில்லைங்க, பேருலதான் தப்பு," என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அன்றிலிருந்து போன் ஆர்டர் வந்தால் "எதுக்கு? யார்கூட வாசிக்க?" என்று கேட்காமல் பேனாவை எடுப்பதில்லை. நீங்களும் கேளுங்கள்.

அந்தக் குழல் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. சந்தனம் அரைத்துப் பூசின மாதிரி வெளிர் மஞ்சள் மரம். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், யாரும் வாங்க மாட்டார்கள்.

போன வருஷம் ஒரு மத்தியானம், ஒரு குடும்பத்துக்கு வீணை காட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. வடமதுரை ரோட்டில் ஸ்கூட்டர் விழுந்துவிட்டது, பொண்ணுக்கு நினைவு இருக்கிறது, பதறாமல் வாருங்கள் என்றது ஒரு ஆண் குரல். அந்தக் குரலுக்கு உரியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. பவித்ராவுக்கு இடது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். கை பிழைத்தது, ஆனால் பழைய பலம் இல்லை. டாக்டர் ஒன்று சொன்னார்: "அசைக்க அசைக்கத்தான் வரும். ஆனா வெயிட் கூடாது."

நான் முதலில் லீவு போட்டேன், பிறகு வேலையையே விட்டேன். அவள் குணமான பிறகும் நான் குணமாகவில்லை. இன்றைக்கும் தெரியாத நம்பர் வந்தால் எடுக்காமல் பவித்ராவுக்குத்தான் முதலில் போன் போடுகிறேன்.

பவித்ரா சின்ன வயதிலிருந்து மூங்கில் குழல் கற்றவள். கட்டு அவிழ்த்த பிறகு அதைத் தொடவே இல்லை. ஒருநாள் கேட்டேன்.

"ஏம்மா, ஊதிப் பாரேன். டாக்டர் அசைக்கச் சொன்னாருல்ல?"

"அதை எடுத்தா பழைய கை ஞாபகம் வருதும்மா. அந்தக் கை எங்க ஓடும், எங்க வளையும்னு குழலுக்குத் தெரியும். இப்ப இருக்குற கை அதுக்குத் தெரியாது." கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள், "உங்க கடை அலமாரியில மஞ்சளா ஒண்ணு கிடக்குமே. அதுக்கு என்னைத் தெரியாதுல்ல?"

அவள் போனில் அயர்லாந்து நாட்டு மெட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தூக்கத்துக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒரு கருவியைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஆயிரம் பேருக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவள் நான்.

கடைக்குப் போனோம். அதற்குள் அலமாரியில் மஞ்சள் குழலுக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்திருந்தது. கொடைக்கானலிலிருந்து ஊர் மாறிப் போன ஒருவர் விற்கச் சொல்லிக் கொடுத்தது. கருகருவென்று கனமான மரம், ஸ்லைடு உள்ளது, வெள்ளிப் பூண். எனக்குப் பார்த்த உடனே மனம் அதில் நின்றுவிட்டது.

"இதை எடுத்துக்கோ. நாளைக்கு யார்கூட வாசிப்பியோ, எந்த ஊர்ல வாசிப்பியோ. சுருதி ஏறினா இறக்கலாம், இறங்கினா ஏத்தலாம். ஒரு பாதுகாப்பு இருக்கும்."

கவுண்டருக்குப் பின்னால் எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். அதில் பொய் இல்லை. கூட்டமாக வாசிப்பவருக்கு, சுருதியை மாற்ற முடியாத பழைய கருவிகளோடு சேர வேண்டியவருக்கு, ஸ்லைடு உள்ளதையே கொடுங்கள். ஆனால் நான் அன்று அவளுடைய சங்கீதத்தைப் பற்றிப் பேசவில்லை. வடமதுரை ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எது தவறினாலும் பின்னால் சரிசெய்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்று இருந்தது.

பவித்ரா கருப்புக் குழலை எடுத்து வாயில் வைத்தாள். நல்ல நாதம். இரண்டாவது மெட்டுக்கு வருவதற்குள் தலைப்பக்கம் தாழ்ந்தது. தூக்கினாள், மறுபடி தாழ்ந்தது. மணிக்கட்டுத் தழும்பு வெளுத்துப் போயிற்று.

"பித்தளை உள்ள இருக்கு பாருங்க, அதான்," என்றார் சேவியர் அண்ணன். "அழகுதான், ஆனா இதுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி."

"எங்க அம்மாவுக்கு அப்படிப்பட்டவங்களைத்தான் பிடிக்கும்ணே," என்றாள் பவித்ரா. "எங்க அப்பாவைப் பாத்தீங்கள்ல?"

மஞ்சள் குழலை எடுத்தாள். அது மூங்கில் அளவுக்கு லேசாக இல்லை, ஆனால் கையில் சமமாக உட்கார்ந்தது. ஊதினாள், நிறுத்தினாள், கையை உதறினாள், மறுபடி ஊதினாள்.

"ஸ்லைடு இல்லையேம்மா," என்றேன் மறுபடியும்.

"மூங்கிலுக்கு என்ன ஸ்லைடு இருந்துச்சு? கொஞ்சம் ஏத்தி இறக்க வாய் இருக்குல்ல."

அதற்கு மேல் நான் கடைக்காரியாக மாறிக்கொண்டேன், அது நல்லதாயிற்று. ஸ்லைடு இல்லாத குழலை எடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள். தலையை முழுக்க உள்ளே தள்ளி, குழல் சூடேறும்வரை ஊதவிட்டு, பிறகு சுருதி பாருங்கள். அப்போது அது ஒரு இழை ஏறித்தான் நிற்க வேண்டும். ஏறி நின்றால் தலையைக் கொஞ்சம் வெளியே இழுத்து இறக்கிக்கொள்ளலாம். முழுக்கத் தள்ளியும் இறங்கி நின்றால் அந்தக் குழலுக்கு வேறு வழியே இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, நம் ஊர்க் காற்று காய்ந்த காற்று. மரம் சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது. தலைக்குள் பித்தளை உள்ள குழலை வாங்குகிறவரிடம், வெயிலில் வண்டியில் விட்டால் வெடிக்கும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மஞ்சள் குழல் ஒரு இழை ஏறித்தான் நின்றது. வாங்கினோம்.

சித்திரையில் அவளுடைய தோழிக்குக் கல்யாணம். வரவேற்பில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். கூட வாசிப்பது ஹக்கீம், அவளோடு கல்லூரியில் படித்தவன், கீபோர்டு. மண்டபம் வடமதுரையில். அதே ரோடு.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முந்தின நாள் கடைக்குப் போய், முதலாளியிடம் கேட்டு, கருப்புக் குழலை ஒருநாளைக்கு வாங்கி வந்தேன். பவித்ராவுக்குச் சொல்லவில்லை. என் கைப்பைக்குள், துண்டில் சுற்றி, அடியில் வைத்தேன். மேலே தண்ணீர் பாட்டில், மாத்திரை, பிஸ்கட்.

பட்டு கட்டச் சொன்னார் என் கணவர். வெயிலுக்குப் பயந்து சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டினேன், புதுசு, முந்தானை ஓரம் அடிக்கக்கூட இன்னும் கொடுக்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உன்னைச் சமையலுக்கு வந்தவங்கன்னு நினைக்கப் போறாங்க," என்றார். "நினைச்சா நல்லதுதான், முதல் பந்தியிலேயே சோறு கிடைக்கும்," என்றேன். இப்படிப் பேசிக்கொண்டேதான் அந்த ரோட்டைக் கடந்தோம். பவித்ரா விழுந்த இடம் வந்தபோது அவர் பேச்சை நிறுத்தவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

மண்டபத்துக்குள் ஏசி குளிர். மேடையில் ஹக்கீம் வயர்களை மாட்டிக்கொண்டிருந்தான். பவித்ரா குழலைப் பூட்டி ஊதினாள். மேல் சுரங்கள் வந்தன. அடிச் சுரம் வரவில்லை, காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். முகம் வெளுத்தது. அந்த முகம் எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் முதல்முறை விரலை மடக்கச் சொன்னபோது இருந்த முகம். கையால்தான் வரவில்லை என்று நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

நான் பையின் ஜிப்பைத் திறந்துவிட்டேன். கருப்புக் குழலைச் சுற்றிய துண்டு கையில் பட்டது.

அதற்குள் அவள் குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தலைத் துண்டை இரண்டு விரலால் திருகிப் பார்த்தாள். அது சுலபமாகச் சுழன்றது. சித்திரை வெயில் மரத்தைச் சுருக்கியிருந்தது. மூட்டு தளர்ந்து அந்த வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

"அம்மா, நூல் இருக்கா?"

என் கை பைக்குள் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கவுண்டரில் உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். அவர் கேட்பது ஒன்றாக இருக்கும், உங்கள் கை போயிருக்கிற இடம் வேறாக இருக்கும். கருப்புக் குழலை எடுத்து நீட்டியிருந்தால் அந்த மாலை தப்பித்திருக்கும். சுருதி நிற்கும், அடிச் சுரம் பேசும், இரண்டு மெட்டுவரை கையும் தாங்கும். பிறகு அவள் வீட்டுக்குப் போய், கை ஆகாது, அம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஜிப்பை மூடினேன்.

நான் நெசவாளி வீட்டில் பிறந்தவள். முந்தானை ஓரத்தில், குறுக்கே ஓடும் ஊடை நூலின் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தேன். சேலையின் அகலம் முழுக்க ஒரே நூலாக உருவி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மேடைக்குப் போய்க் குழலை வாங்கி மூட்டில் சுற்றினேன். பவித்ரா தன் பைக்குள்ளிருந்து உதட்டுக்குப் பூசும் மெழுகை எடுத்து நூல்மேல் தடவினாள். தலையைச் சொருகினாள். பாதியில் நின்றது.

"ஜாஸ்தி சுத்திட்டம்மா."

"இறுக்கமா இருந்தா நல்லதுதானே?"

"முழுசா உள்ள போகணும். ஏற்கெனவே குளுருக்குச் சுருதி இறங்கிக் கிடக்கு. வெளிய நின்னா இன்னும் இறங்கும். அழுத்தித் தள்ளினா மரம் பிளந்துரும்." சொல்லிக்கொண்டே நூல் நுனியை என்னிடம் நீட்டினாள். "கொஞ்சம் எடு. பாத்துக்கலாம்."

இதை நான்தான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பயந்த கை எப்போதும் நூலை அதிகமாகத்தான் சுற்றும். எடுத்தேன். சொருகினாள். இன்னும் கொஞ்சம் எடுத்தேன். மெதுவாகத் திருகிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தது. ஊதினாள். அடிச் சுரம் மண்டபத்தின் கடைசி வரிசைவரை போயிற்று.

ஹக்கீம் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"பவி, இன்னும் செத்த ஏறு."

"எனக்கு ஏற வழியில்லடா. நீ இறங்கு."

"நான் ஏன் இறங்கணும்? கீபோர்டு எந்தக் காலத்துல இறங்கியிருக்கு?"

"கச்சேரியில குழலுக்குத்தான் எல்லாரும் சேருவாங்க. உன் பொட்டியில சுருதி இறக்குற பட்டன் இருக்கு, தேடு. சூடாச்சுன்னா நானே மேல வந்துருவேன், அப்பச் சொல்றேன், நீயும் வா."

"ஆன்ட்டி, கேட்டீங்களா? தலைக்கனம் இல்லாத குழல்னு சொல்லி வாங்குனீங்களாமே," என்றான் பட்டனைத் தேடிக்கொண்டே. "குழலுக்குத்தான் இல்ல."

வாசித்தார்கள். பாதிப் பேர் பந்தியில் இருந்தார்கள், மீதிப் பேர் போட்டோவுக்கு வரிசையில். மூன்றாவது மெட்டின் நடுவில் அவள் இடது கை நடுங்கியது. எனக்கு முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து எழுந்துவிட்டேன். அவள் குழலை மடியில் இறக்கினாள். ஹக்கீம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் விட்ட இடத்திலிருந்து மெட்டைத் தான் எடுத்துக்கொண்டு போனான். அவள் மணிக்கட்டைத் தேய்த்தாள், விரல்களை விரித்து மூடினாள். அடுத்த சுற்று வந்தபோது குழலைத் தூக்கி அவனோடு சேர்ந்துகொண்டாள். சுருதி இப்போது ஏறியிருந்தது. அவள் கண்ணைக் காட்ட, அவனும் ஏறினான். பின்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றது.

நான் உட்கார்ந்தேன்.

திரும்பும்போது வண்டியில் கேட்டாள். "பையில இருந்தது அந்தக் கருப்புதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பிஸ்கட்டையும் தண்ணியையும் யாரும் மடியில வச்சுக் குழந்தை மாதிரி அணைச்சுக்க மாட்டாங்க." கொஞ்ச தூரம் போன பிறகு, "ஏன் எடுத்துக் குடுக்கல?"

"நீ நூல்தானே கேட்ட," என்றேன்.

கருப்புக் குழலை மறுநாள் கடையில் ஒப்படைத்தேன். பிற்பாடு ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர் வாங்கிப் போனார். அங்கே பழைய ஆர்கன் ஒன்று இருக்கிறது, அது யாருக்காகவும் இறங்காது. அவருக்கு அதுதான் சரியான குழல். எந்தக் குழலையும் நல்லது கெட்டது என்று பிரித்து வைக்காதீர்கள்.

பவித்ரா இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். இரண்டு தெரு தள்ளித்தான் ஆபீஸ், நடந்து போகிறாள் என்று சொல்கிறாள். நம்புகிறேன். ஐப்பசி மழை பிடித்த அன்று ஒரு படம் அனுப்பினாள். குழலின் மூட்டு, அதில் என் சேலையின் சிவப்பு நூல், பக்கத்தில் மேசைமேல் சுருண்டு கிடக்கும் அதே நூலில் ஒரு துண்டு. கீழே எழுதியிருந்தாள்: "மழைக்கு மரம் ஊதிருச்சு. ஒரு சுத்து எடுத்துட்டேன்."

பெட்டியை ஈரத்தில் வைக்காதே, வாசித்ததும் உள்ளே துடை, கை வலித்தால் அன்றைக்கே சொல், மழையில் ரோட்டோரமாக நட என்று வரிசையாக எழுதினேன். அனுப்பும் முன் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் எடுத்தேன்.

கடைசியில் "சரிம்மா" என்பது மட்டும் போயிற்று.